வளர்ந்தோர் கிட்டார் பயிற்சி

வளர்ந்தோர் கிட்டார் பயிற்சி என்பது, சிறுவயதில் கருவியிசை பயிலாத ஒருவர், பள்ளிப் பருவத்தைக் கடந்த பின்னர் கிட்டார் (கித்தார் எனவும் எழுதப்படும்) என்னும் நரம்பிசைக் கருவியை முதன்முறையாகக் கற்பதைக் குறிக்கும். வேலைக்குச் சென்று பொருளீட்டத் தொடங்கியபின் சொந்தப் பணத்தில் கருவி வாங்கிப் பயில்வோர், ஆலயப் பாடகர் குழுவில் வாசிப்பதற்காகக் கற்போர், ஓய்வு பெற்றபின் தொடங்குவோர் ஆகிய அனைவரும் இதில் அடங்குவர். கருநாடக இசையில் ஐந்து அல்லது ஆறு வயதில் சரளி வரிசையைத் தொடங்குவதே முறை என்று கருதப்படும் தமிழ்ச் சூழலில், முப்பது வயதில் இசைக்கருவி தொடங்குவது காலங்கடந்த செயல் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இவ்வெண்ணத்தில் ஓரளவே உண்மை உண்டு. எவ்வளவு என்பது கீழே விளக்கப்படுகிறது.

பயிற்சியைத் தொடங்குவோரில் பெரும்பாலோர் அதைத் தொடர்வதில்லை. கிட்டார் உற்பத்தி நிறுவனமான ஃபெண்டரின் தலைமை அலுவலராக இருந்த ஆண்டி மூனி, புதிதாகத் தொடங்குவோரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் முதல் ஆண்டுக்குள் விட்டுவிடுகின்றனர் என்று நேர்காணல்களில் கூறியுள்ளார். இந்நிறுவனம் 2017இல் ஃபெண்டர் பிளே என்னும் இணையவழிப் பாடத்திட்டத்தைத் தொடங்கியதற்கு இந்தக் கணக்கே முக்கியக் காரணம். விட்டுவிடுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் திறமையின்மை சார்ந்தவை அல்ல. விரல்வலி, சரிசெய்யப்படாத கருவி, ஒழுங்கற்ற பயிற்சி நேரம், எஃப் மேஜர் என்னும் ஒற்றைச் சுரக்கூட்டு ஆகிய நான்குமே பெரும்பாலோரை நிறுத்துகின்றன.

வயதும் கற்றலும்

இசைக்கருவி பயில்வோரின் மூளையில் ஏற்படும் மாற்றங்கள் பற்றிய ஆய்வுகளில், தாமசு எல்பர்ட் குழுவினர் 1995இல் சயன்சு இதழில் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. நரம்பிசைக் கருவி வாசிப்போரின் மூளைப் புறணியில், தந்தியை அழுத்தும் இடக்கை விரல்களுக்குரிய பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருப்பதை இவர்கள் கண்டனர். இளவயதில் தொடங்கியவர்களிடம் இவ்வேறுபாடு மிகுதியாக இருந்தது. இவ்வாய்வில் கலந்துகொண்ட இசைக்கலைஞர்கள் ஒன்பது பேர் மட்டுமே. எனவே இதிலிருந்து பெரிய முடிவுகளைப் பெறுவது பொருந்தாது. எனினும் இளவயதில் தொடங்குவோருக்கு ஒரு முன்னுரிமை உண்டு என்பதை இது காட்டுகிறது.

இதன் மறுபக்கத்தை ஆந்தைகள் மீதான ஆய்வு காட்டுகிறது. கூகை ஆந்தைகளின் கண்முன் பட்டகம் பொருத்தினால், அவை காணும் காட்சி ஒரு பக்கமாக விலகும். இளம் ஆந்தைகள் ஒலி வரும் திசையையும் காணும் திசையையும் விரைவில் இணைத்துக் கொள்ளும். வளர்ந்த ஆந்தைகளால் அவ்வாறு இயலாது என்றே முதலில் கருதப்பட்டது. ஆனால், பட்டகத்தின் விலக்கத்தை ஒரேயடியாகக் கூட்டாமல் சிறிது சிறிதாகக் கூட்டியபோது, வளர்ந்த ஆந்தைகளும் கணிசமான அளவு கற்றுக்கொண்டன என்பதை எரிக் நுட்சனின் ஆய்வகம் 2002இல் வெளியிட்டது.

இந்த ஆந்தை ஆய்வை கிட்டாருடன் தொடர்புபடுத்திப் பேசியவர் அமெரிக்க உளவியலாளர் கேரி மார்க்கசு ஆவார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த இவர், தாள உணர்வு சிறிதும் இல்லாதவர் என்று தம்மைக் கருதியிருந்தார். நாற்பது வயதை நெருங்கும்போது கிட்டார் கற்கத் தொடங்கி, அவ்வனுபவத்தை 2012இல் கிட்டார் சீரோ என்னும் நூலாக எழுதினார். பாடத்தைச் சிறு கூறுகளாக உடைத்தால் வளர்ந்தோரும் கற்க முடியும் என்பது இவர் கருத்து. இவர் தேர்ந்த கலைஞராகிவிடவில்லை. நண்பர்களுடன் சேர்ந்து வாசிக்கும் நிலையை அடைந்தார். வளர்ந்த நிலையில் தொடங்கும் ஒருவர் எதிர்பார்க்கத்தக்க விளைவு இதுவே என்று கொள்ளலாம்.

குழந்தைக்கு இல்லாத சில வசதிகள் வளர்ந்தவருக்கு உண்டு. ஏன் என்று கேட்டு விளங்கிக்கொள்ள முடிகிறது. தன் தவற்றைத் தானே கண்டறிய முடிகிறது. பல ஆண்டுகளாகப் பாடல்கள் கேட்டுப் பழகிய செவியும் இருக்கிறது. இல்லாதது நேரமும், தவறாக வாசிக்கும்போது நாணாமல் இருக்கும் இயல்புமே.

தமிழ்நாட்டு எடுத்துக்காட்டு: இளையராஜா

வளர்ந்தபின் கிட்டார் முறையாகக் கற்றவர்களுள் தமிழர் நன்கறிந்தவர் இளையராஜா ஆவார். 1943இல் இன்றைய தேனி மாவட்டத்தின் பண்ணைப்புரத்தில் பிறந்த இவர், பதின்ம வயதில் தம் அண்ணன் பாவலர் வரதராஜனின் இசைக்குழுவுடன் ஊர் ஊராகச் சென்று ஆர்மோனியம் வாசித்தார். 1960களின் இறுதியில் சென்னைக்கு வந்தபோது இவருக்கு வயது இருபத்தைந்து அளவில் இருந்தது. அதன் பின்னரே தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையையும் அதன் எழுத்து முறையையும் பயின்றார். இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் செவ்வியல் கிட்டார் தேர்வைத் தொலைநிலையில் எழுதித் தங்கப் பதக்கம் பெற்றார். ஜி. கே. வெங்கடேசிடம் உதவியாளராகவும், சலில் சௌத்ரி உள்ளிட்டோரின் ஒலிப்பதிவுகளில் கிட்டார் முதலிய கருவிகளை வாசிப்பவராகவும் இருந்து, 1976இல் அன்னக்கிளி படத்தின் மூலம் இசையமைப்பாளரானார். இருபத்தைந்து வயதுக்குமேல் மேற்கத்திய இசைக்குறியீட்டைக் கற்ற இவர், 2025 மார்ச் மாதத்தில் தமது 81ஆம் வயதில் இலண்டனில் தமது சிம்பொனியை அரங்கேற்றினார்.

இவ்வெடுத்துக்காட்டை எச்சரிக்கையுடனேயே கொள்ளவேண்டும். இளையராஜா இசையில் புதியவராகக் கிட்டாரைத் தொடங்கவில்லை. அவருடைய செவி பத்தாண்டுகளாக மேடையில் பழகியது. புதிதாக இருந்தது கையும் எழுத்து முறையும் மட்டுமே. பாடத்தெரிந்தவர், கோவிலிலோ ஆலயத்திலோ பாடிப் பழகியவர், தவில் அல்லது தபேலா தட்டத் தெரிந்தவர் ஆகியோர் முப்பது வயதில் கிட்டார் தொடங்கினாலும் விரைவாக முன்னேறுவதற்குக் காரணம் இதுவே. செவி பழகாதவர் கையையும் செவியையும் ஒருங்கே பழக்க வேண்டியிருப்பதால் கூடுதல் காலம் எடுத்துக்கொள்கிறார்.

அமெரிக்க ஜாஸ் கலைஞர் வெசு மான்ட்கோமரி ஆறு தந்திக் கிட்டாரைத் தம் இருபது வயதளவில்தான் கையிலெடுத்தார். மீட்டுகோல் இன்றிப் பெருவிரலால் மீட்டுவது இவரது தனித்தன்மையாயிற்று.

முத்துக்குளித்துறையில்

தூத்துக்குடியை மையமாகக் கொண்ட முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கும் ஐரோப்பிய இசைக்கும் உள்ள தொடர்பு பழமையானது. 1530களில் பரதவ மக்கள் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். 1542இல் பிரான்சிசு சவேரியார் இக்கரைக்கு வந்தார். 1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றும்வரை போர்த்துக்கீசரின் செல்வாக்கு இங்கு நிலவியது. சாவி, சன்னல், அலமாரி, மேசை போன்ற போர்த்துக்கீசச் சொற்கள் தமிழில் நிலைத்தமை அக்காலத் தொடர்பின் பயன்.

இதைக்கொண்டு கிட்டாரும் போர்த்துக்கீசர் வழியே தூத்துக்குடிக்கு வந்தது என்று சிலர் கூறுவதுண்டு. இது பொருந்தாது. 16ஆம் நூற்றாண்டின் ஐபீரியக் கருவிகள் இரட்டைத் தந்திகளைக் கொண்ட சிறிய கருவிகளாகும். ஆறு தனித் தந்திகள் கொண்ட கிட்டார் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பரவியது. இன்றைய அளவையும் உள்ளமைப்பையும் உருவாக்கியவர் எசுப்பானியக் கைவினைஞர் அன்டோனியோ தெ டோரசு (1817-1892). அப்போது தூத்துக்குடியில் போர்த்துக்கீசர் ஆட்சி முடிந்து இரு நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. பெயரும் இதற்குச் சான்று. போர்த்துக்கல் நாட்டில் இக்கருவியை வியோலா என்றும் வழங்குவர். தமிழில் வழங்கும் கிட்டார் என்பதோ ஆங்கிலத்தின் வழி வந்தது.

கடலுக்கு அப்பாலிருந்து வந்த தாக்கம் இலங்கையினுடையது என்று கொள்வதே பொருத்தம். 1914இல் தனுஷ்கோடி வழி திறக்கும் முன்பு, சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் தூத்துக்குடியில் கப்பலேறினர். சரக்குத் தோணிகள் அதன் பின்னரும் கொழும்புக்குச் சென்று வந்தன. இலங்கையில் போர்த்துக்கீச, ஆப்பிரிக்க இசைக் கூறுகள் கலந்து உருவான பைலா, கிட்டாரைத் துணையாகக் கொண்டு பாடப்படும் கொண்டாட்ட இசையாக வளர்ந்தது. 1927இல் தூத்துக்குடியில் பிறந்து, சிறுவயதில் கொழும்பில் வளர்ந்த நடிகரும் பாடகருமான ஜே. பி. சந்திரபாபு, மேற்கத்திய பாணிப் பாடலையும் ஆட்டத்தையும் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர். அவர் பெயரில் உள்ள ‘பி’ என்னும் எழுத்து, தூத்துக்குடியின் பனிமய மாதாவை ஒட்டிய பனிமயதாசு என்னும் பெயரைக் குறிப்பது.

கத்தோலிக்க வழிபாட்டில் கிட்டார் இடம்பெற்றதற்கு இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிவகுத்தது. 1963 டிசம்பர் 4 அன்று வெளியிடப்பட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டுத் தொகுப்பு, தாய்மொழியில் வழிபாடு நடத்தவும், குழலார்கனுக்கு முதன்மை அளித்தவாறே வேறு இசைக்கருவிகளைப் பயன்படுத்தவும் இடமளித்தது. அதன்பின் தமிழ்ப் பாடல்களுக்கு ஆர்மோனியமும் தபேலாவும், பின்னர் கிட்டாரும் கீபோர்டும் துணையாயின. தென்னிந்தியத் திருச்சபை ஊர்களில் நான்கு குரலில் பாமாலை பாடும் மரபு முன்னரே இருந்ததால், சுரக்கூட்டு என்னும் கருத்து அங்குள்ள பாடகர்களுக்குப் புதிதன்று.

இக்கடற்கரையில் வளர்ந்தோர் ஒருவர் கிட்டார் தொடங்குவதற்கு ஆலயப் பாடகர் குழு ஒரு நல்ல சூழலாகும். ஞாயிறுதோறும் நான்கைந்து பாடல்களை வாசித்தாக வேண்டும் என்ற கட்டாயம் உண்டு. பாடல்கள் முன்பே அறிந்தவை. தவறு நேர்ந்தால் கூட்டத்தின் குரலில் மறைந்துவிடும். தனி அறையில் ஒருவராக அமர்ந்து நிகழ்படம் பார்த்துக் கற்பவருக்கு இம்மூன்றும் கிடைப்பதில்லை. துறைமுகத்திலும் அனல்மின் நிலையத்திலும் சுற்றுமுறைப் பணி செய்வோருக்குக் குழுவின் ஒத்திகைக்குத் தவறாமல் செல்வது கடினம். அவர்கள் பணிமுறைக்கேற்பப் பயிற்சி நேரத்தை மாற்றிக்கொள்வதைவிட, எந்தப் பணிமுறையானாலும் உறங்கி எழுந்தவுடன் கால்மணி நேரம் என்று வைத்துக்கொள்வது எளிது.

உழைத்துக் காய்த்த கை கிட்டாருக்கு ஒவ்வாது என்ற எண்ணமும் உண்டு. வலை இழுப்போர், உப்பளத்தில் வேலை செய்வோர் ஆகியோரின் உள்ளங்கையில் தோல் தடித்திருக்கும். ஆனால் கிட்டாருக்குத் தேவையானது விரல்நுனியின் தடிப்பு. அதை அவர்களும் புதிதாகவே பெற வேண்டும். வலிமையான கைகளுக்கு உள்ள உண்மையான இடர், தேவைக்கு மேல் அழுத்துவதே. மென்மையாக அழுத்தப் பழகுவதற்கே அவர்களுக்குக் காலம் பிடிக்கும். விரலில் காயமுற்றவர்களும் வாசிக்க முடியும். டிஜாங்கோ ரைன்ஹார்ட் தமது 18ஆம் வயதில், 1928இல், தீவிபத்தில் இடக்கையின் இரு விரல்களின் இயக்கத்தைப் பெரிதும் இழந்தபின் மீண்டும் புதிதாகக் கற்றார். இங்கிலாந்தின் டோனி அயோமி தொழிற்சாலை விபத்தில் இரு விரல்நுனிகளை இழந்து, தாமே செய்துகொண்ட உறைகளை அணிந்து, மெல்லிய தந்திகளைக் கொண்டு வாசித்தார்.

கருவி

தொடக்கநிலையில் இருவகைக் கிட்டார்கள் பயன்படுகின்றன. செவ்வியல் கிட்டாரில் நைலான் தந்திகளும் அகன்ற கழுத்தும் உண்டு. அக்கூசுடிக் கிட்டாரில் எஃகுத் தந்திகளும் குறுகிய கழுத்தும் உண்டு. மெல்லிய எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 70 கிலோ எடைக்கு இணையான விசையுடன் இழுக்கின்றன. நைலான் தந்திகளில் இது 40 கிலோ அளவே. விரல்வலியில் உள்ள வேறுபாட்டிற்கு இதுவே காரணம். திரைப்பாடல்களுக்குத் துணையாக வாசிக்க விரும்புவோர் பெரும்பாலும் எஃகுத் தந்தியையே விரும்புகின்றனர். நைலானில் மூன்று மாதம் பழகிப் பின் மாறுவதிலும் தவறில்லை.

கிட்டாரின் கழுத்தில் உள்ள உலோகப் பட்டைகள் வீணையில் உள்ளவை போலவே மெட்டுகள் எனப்படும். வீணையில் மெழுகின்மேல் பொருத்தப்பட்ட 24 மெட்டுகள் இருக்கும். கிட்டாரில் அவை மரத்தில் பதிக்கப்பட்டிருக்கும். அடுத்தடுத்த இரு மெட்டுகளுக்கிடையே அதிர்வெண் 1.0595 மடங்கு உயரும். இது இரண்டின் பன்னிரண்டாம் மூலமாகும். தந்தியின் நீளம் 650 மிமீ எனில் முதல் மெட்டு மேற்கட்டையிலிருந்து 36.5 மிமீ தொலைவில் அமையும். பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியில், 325 மிமீ தொலைவில் அமையும். ஐந்தாம் மெட்டிற்கும் ஆறாம் மெட்டிற்கும் இடையே 27 மிமீ அளவே உள்ளது. விரல் விரியாத புதியவர்கள் விரல் பயிற்சிகளை முதல் மெட்டில் தொடங்காமல் ஐந்தாம் மெட்டருகே தொடங்கிக் கீழ்நோக்கி வருவது நல்லது என்பதற்கு இக்கணக்கே காரணம்.

தந்திக்கும் மெட்டுப் பலகைக்கும் உள்ள இடைவெளி மிக முக்கியமானது. எஃகுத் தந்திக் கிட்டாரில் பன்னிரண்டாம் மெட்டில் இது 2 முதல் 2.5 மிமீ இருப்பது வாசிப்பதற்கு எளிது. மலிவான கருவிகளில் இது 4 மிமீ வரை இருக்கலாம். அத்தகைய கருவியில் தேர்ந்தவரும் இடர்ப்படுவார். புதியவர் தம் விரல்களையே குறைகூறிக்கொண்டு விட்டுவிடுகிறார். வாங்கும்போதே கடையில் இதைச் சரிசெய்து தரச் சொல்வது, விலையுயர்ந்த கருவி வாங்குவதைவிடப் பயனுள்ளது. யமஹா நிறுவனம் 2019 முதல் சென்னையை அடுத்த தனது தொழிற்சாலையிலேயே தொடக்கநிலைக் கிட்டார்களை உற்பத்தி செய்கிறது. மெட்டுப் பலகைக்கு உலகெங்கும் விரும்பப்படும் மரங்களுள் ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம் (தோதகத்தி) என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

தந்திகளும் சுருதி சேர்த்தலும்

தடித்த தந்தி ஆறாவது, மெல்லியது முதலாவது எனக் கணக்கிடப்படும். வழக்கமான சுருதியில் ஆறாம் தந்தி முதல் முதல் தந்தி வரை முறையே இ (82.4 ஹெர்ட்சு), ஏ (110), டி (146.8), ஜி (196), பி (246.9), இ (329.6) என அமையும். ஒவ்வொரு தந்தியும் முந்தையதைவிட ஐந்து மெட்டு உயர்ந்தது. ஜி, பி தந்திகளுக்கிடையே மட்டும் நான்கு மெட்டு. இதனால் ஒரு தந்தியின் ஐந்தாம் மெட்டை அழுத்தி அடுத்த தந்தியுடன் ஒப்பிட்டுச் சுருதி சேர்க்கலாம். கைப்பேசிச் செயலிகள் இப்பணியை எளிதாக்கிவிட்டன. ஆயினும் வாரம் ஒருமுறையேனும் செவியால் சேர்த்துப் பார்ப்பது செவிக்குப் பயிற்சியாகும்.

முதல் மாதங்கள்

கார்டு எனப்படும் சுரக்கூட்டு, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்களை ஒருசேர ஒலிப்பதாகும். கருநாடக இசையில் இதற்கு நேரான கருத்து இல்லை. பாடல்களுக்குத் துணையாக வாசிக்க விரும்புவோர் சுரக்கூட்டுகளிலிருந்தே தொடங்குகின்றனர்.

இ மைனர் இதற்கு ஏற்ற தொடக்கம். ஐந்தாம், நான்காம் தந்திகளை இரண்டாம் மெட்டில் அழுத்தி, மற்றவற்றைத் திறந்துவிட்டு ஆறு தந்திகளையும் மீட்டினால் இ மைனர் ஒலிக்கும். அவ்விரு விரல்களையும் ஒரு தந்தி கீழே நகர்த்தி, சுட்டுவிரலால் இரண்டாம் தந்தியின் முதல் மெட்டை அழுத்தினால் ஏ மைனர் கிடைக்கும் (ஆறாம் தந்தியை மீட்டக் கூடாது). இவ்விரண்டும் பழகியபின் சி, ஜி, டி மேஜர் கூட்டுகளைச் சேர்த்துக்கொண்டால் பல பாடல்களை வாசிக்க இயலும்.

தனித்தனியே சுரக்கூட்டை அழுத்துவதைவிட, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதே கடினம். 2003 முதல் இணையத்தில் கட்டணமின்றிப் பாடம் வழங்கிவரும் ஆத்திரேலியர் ஜசுட்டின் சாண்டர்கோ, இதற்கு ஒரு நிமிட மாற்றம் என்னும் பயிற்சியைப் பரவலாக்கினார். இரண்டு சுரக்கூட்டுகளை எடுத்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற முடிகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் வாரத்தில் 10 அல்லது 12 வரலாம். 60ஐ எட்டினால் பாடலின் ஓட்டத்திற்குப் போதுமானது. தம் முன்னேற்றத்தை எண்ணாகக் காண்பது வளர்ந்தோருக்கு ஊக்கம் தருவதால் இது நன்கு பயன்படுகிறது. ஆயினும் எண்ணிக்கைக்காக ஒலியின் தெளிவை விட்டுவிடும் போக்கும் இதில் உண்டு.

ஞாயிறன்று இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிட, நாள்தோறும் 15 முதல் 20 நிமிடம் வாசிப்பது பயன் தரும். பிரித்துக் கற்பது நினைவில் நிற்கும் என்பதை எர்மன் எபிங்கவுசு 1885இலேயே எழுதியுள்ளார். கிட்டாரில் விரல்தோலும் இதே விதியைப் பின்பற்றுகிறது. நாள்தோறும் சிறிது அழுத்தினால் சில வாரங்களில் நுனி தடித்து வலி குறையும். பத்து நாள் இடைவெளி விட்டால் மீண்டும் வலிக்கும். இடக்கை நகங்களை ஒட்ட வெட்டுவதும், குளித்த உடனே, தோல் ஊறியிருக்கும்போது வாசிக்காமல் இருப்பதும் நல்லது. கருவியை உறையிலிட்டுப் பரணில் வைப்பவரைவிட, கையெட்டும் இடத்தில் வைப்பவர் மிகுதியாக வாசிக்கிறார்.

எஃப் மேஜர்

புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி நிற்கும் இடம் இது. எஃப் மேஜரின் முழு வடிவத்தில் சுட்டுவிரலால் முதல் மெட்டில் ஆறு தந்திகளையும் அழுத்த வேண்டும். மேற்கட்டையின் அருகில் தந்தி மிகவும் விறைப்பாக உணரப்படுவதால், கழுத்தின் பிற இடங்களைவிட இங்கு இது கடினம். சி மேஜரில் அமைந்த பாடல்களில் இக்கூட்டு தவிர்க்க இயலாதது என்பதால், இரண்டாம் அல்லது மூன்றாம் மாதத்திலேயே புதியவர் இதனை எதிர்கொள்கிறார். ஐந்து வாரம் முயன்றும் ஒலிக்கவில்லை என்று கருவியை மூலையில் சாய்ப்போர் பலர்.

இதற்குச் சுற்றுவழிகள் உள்ளன. நான்காம் தந்தியில் மூன்றாம் மெட்டு, மூன்றாம் தந்தியில் இரண்டாம் மெட்டு, இரண்டாம் தந்தியில் முதல் மெட்டு ஆகியவற்றை அழுத்தி, முதல் தந்தியைத் திறந்துவிட்டால் எஃப் மேஜர் செவன் கிடைக்கும். பெரும்பாலான பாடல்களில் இது எஃப் மேஜருக்குப் பதிலாகப் பொருந்தும். பின்னர் சுட்டுவிரலால் கடைசி இரு தந்திகளை மட்டும் அழுத்தும் சிறிய வடிவத்திற்கு வரலாம். முழு வடிவத்தை ஐந்தாம் மெட்டில் பழகி, ஒவ்வொரு மெட்டாகக் கீழே இறக்கி முதல் மெட்டுக்குக் கொண்டுவருவதும் உண்டு. ஆந்தைகளுக்குப் பட்டகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டியதைப் போன்ற முறை இது. கேப்போ என்னும் கவ்வியைப் பொருத்திப் பாடலின் சுருதியை மாற்றி, எஃப் வராத வடிவங்களில் வாசிப்பது மற்றொரு வழி. ஆலயக் குழுக்களில் பாடகரின் குரலுக்கேற்பச் சுருதி மாறுவதால் கேப்போ எப்படியும் தேவைப்படும்.

இராகங்களோடு தொடர்பு

கருநாடக இசையறிவு சிறிதேனும் உள்ளவர்களுக்கு மேற்கத்திய சுரவரிசைகள் அயலானவை அல்ல. மேஜர் சுரவரிசை சங்கராபரணத்தின் சுரங்களைக் கொண்டது. இயல்பு மைனர் நடபைரவியையும், ஆர்மோனிக் மைனர் கீரவாணியையும் ஒத்தவை. மேஜர் பென்ட்டட்டானிக் மோகனமாகும். உலகெங்கும் கிட்டார் மாணவர்கள் தனிவாசிப்புக்கு முதலில் கற்கும் மைனர் பென்ட்டட்டானிக், சுத்த தன்யாசியின் சுரங்களே. சுரங்கள் ஒன்றாயினும் இராகம் ஒன்றாகாது. கமகமே இராகத்திற்கு உருவம் தருவது. மெட்டுகள் நிலையாகப் பதிக்கப்பட்ட கிட்டாரில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தோ சறுக்கியோ கமகத்தை உண்டாக்க வேண்டும்.

இராணிப்பேட்டையைச் சேர்ந்த ஆர். பிரசன்னா (கிட்டார் பிரசன்னா) கருநாடக இசையை மின்கிட்டாரில் வாசிப்பவர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கப்பல் கட்டுமானப் பொறியியல் பயின்று, பின்னர் அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரியில் பயின்றவர். எதிர்த்திசையில் சென்றவர் ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாப்ளின். உலகப் புகழ் பெற்றபின், 1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் எசு. இராமநாதனிடம் தொடக்கநிலை மாணவராக வீணை பயின்றார். வீணையில் தேர்ச்சி பெறும் எண்ணத்தை அவர் கைவிட்டார் எனினும், எல். சங்கர், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் அமைத்த சக்தி குழுவில், மெட்டுகளுக்கிடையே மரம் குழிவாகச் செதுக்கப்பட்ட கிட்டாரை வீணைபோல் தந்தியை இழுத்து வாசித்தார்.

தேர்வுகள்

இலண்டன் டிரினிட்டி கல்லூரியும், ஏபிஆர்எசுஎம் எனப்படும் அரச இசைப்பள்ளிகளின் கூட்டு வாரியமும் இந்தியாவில் தரநிலைத் தேர்வுகளை நடத்துகின்றன. நிலைகள் தொடக்கநிலை முதல் எட்டு வரை உள்ளன. வயது வரம்பு இல்லை. தேர்வறையில் பத்து வயதுச் சிறுவர்களுடன் வரிசையில் அமர்வதற்குத் தயங்கியே பெரியவர்கள் பலர் இவற்றை எழுதுவதில்லை. ஒளிப்பதிவு செய்து அனுப்பும் எண்ணிமத் தேர்வுகள் 2020 முதல் வழக்கிற்கு வந்தபின் இத்தயக்கத்திற்குக் காரணம் குறைந்துள்ளது. பாடலுக்குத் துணையாக வாசிப்பதே நோக்கமாயின் தேர்வு தேவையில்லை.

உடல்நலம்

தோல் வலியும் தசைநாண் வலியும் வேறு வேறானவை. நுனித்தோலின் எரிச்சல் இயல்பானது, தானே மறையும். மணிக்கட்டு, முன்கை, பெருவிரல் அடி ஆகிய இடங்களில் வலி, மரத்துப்போதல், இரவில் கூச்சம் ஆகியவை தோன்றினால் வாசிப்பதை நிறுத்தி மருத்துவரைக் காணவேண்டும். நாள் முழுவதும் கணினி விசைப்பலகையில் வேலை செய்வோர் இதில் கூடுதல் கவனம் செலுத்துதல் நலம். நீரிழிவு உள்ளோருக்கு விரல் மடங்கிச் சிக்கித் தெறிக்கும் நிலை மற்றவர்களைவிட மிகுதியாக வருகிறது. நரம்புப் பாதிப்பால் விரல்நுனியில் உணர்வு குறைந்தவர்கள் புண் ஏற்படுவதை உணராமல் அழுத்திக்கொண்டிருக்கக் கூடும் என்பதால், நாள்தோறும் நுனிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மணிக்கட்டை மடக்காமல் நேராக வைப்பதும், கருவியை நோக்கிக் குனியாமல் கருவியை உயர்த்திக்கொள்வதும் பெரும்பாலான வலிகளைத் தவிர்க்கும்.

கடற்கரையில் கருவியைப் பேணல்

உப்புக் காற்று எஃகுத் தந்திகளுக்குப் பகை. தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில், வியர்வையும் உப்பும் படிந்த தந்தி உள்நாட்டு ஊர்களைவிட விரைவில் துருப்பிடிக்கிறது. துருவேறிய தந்தி சுருதியில் நிற்பதில்லை, விரலையும் அறுக்கும். வாசிக்கும் முன் கைகழுவுவதும், வாசித்தபின் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடிப்புறத்தையும் சேர்த்துத் துடைப்பதும் தந்தியின் ஆயுளைக் கூட்டும். 1990களின் பிற்பகுதி முதல் கிடைக்கும் மேற்பூச்சிட்ட தந்திகள் விலை கூடியவை எனினும் இத்தகைய ஊர்களில் நெடுநாள் உழைப்பதால் கட்டுப்படியாகும். நைலான் தந்தி துருப்பிடிப்பதில்லை. ஆனால் அதன் தடித்த மூன்று தந்திகளில் சுற்றப்பட்ட உலோகக் கம்பி கறுக்கும்.

மரத்திற்கு 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் ஏற்றது. கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் இதைவிட மிகுதியாக இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேற்பலகை ஈரத்தை உறிஞ்சி உப்புவதால் தந்திகள் உயர்ந்து, அழுத்துவது கடினமாகிறது. செப்டம்பரில் எளிதாக வாசித்தவர் நவம்பரில் தம் கை பின்னடைந்துவிட்டதாக எண்ணுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அக்காலத்தில் கருவியைச் சன்னலோரமும் சுவரில் சாய்த்தும் வைக்காமல், சிலிக்கா கூழ்மப் பொட்டலங்கள் இட்ட கெட்டியான பெட்டியில் வைத்து, பொட்டலங்களை அவ்வப்போது உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். பெட்டியைப் பூட்டிய மகிழுந்திலோ ஓட்டுக்கூரையின் கீழோ பகலில் வைத்தால் பாலத்தின் பசை இளகிவிடும்.